வரிசையில் இன்னும் ஆறு பேர்

ஜூன் 8, ஞாயிறு. காலையிலிருந்து பனி. எதிர் லைன் வீடுகளே தெரியவில்லை. துவைக்கிற வேலை நிறைய.

அப்புறம் நீயே சொல் தாயே, கையில் உன் காப்பு இருக்கும்போது நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? காப்புக் கட்டினவர்கள் ராத்திரி எஸ்டேட் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது என்பது உன் சட்டம். நான் போட்டதா? புதன்கிழமை பூசாரி மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போடும்போதே சொன்னார். கவிச்சி கூடாது. மெத்தை கூடாது. வெளியில் தங்கல் கூடாது. திருவிழா முடிகிற வரைக்கும்.

நேற்று கோயில் கமிட்டி பஸ்ஸில் கீழே தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். பள்ளி விடுமுறைக்கு வருஷா வருஷம் போவார்கள். நான் போனதே இல்லை. இந்த முறை சரசுவுக்காகத்தான். என் வீட்டுக்காரருடைய தங்கை. முட்டி தேய்ந்துவிட்டது, இனி சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது. எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருவிழாவுக்கு மறுநாள் தெற்கே ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுகிறாள். முப்பத்தெட்டு வருஷம் பக்கத்து வீடு. நடுவில் ஒரே பலகைச் சுவர். அவள் தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் "நூறு" என்பேன்.

போவதற்குள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணி, அந்தப் பெரிய ராட்டினத்துல உங்களோட ஒருவாட்டி ஏறணும்."

ஏறவில்லை.

கொண்டு போனவை: புளிச்சோறு ஒரு குண்டான். உருளைக்கிழங்குப் பிரட்டல். எலுமிச்சம்பழம், வாந்திக்கு. பிளாஸ்டிக் பை, அதுவும் வாந்திக்கு. விபூதி. ஆளுக்கொரு சுவெட்டர்.

சுவெட்டர்தான் முதல் முட்டாள்தனம். விடியற்காலையில் இங்கே பல் கிடுகிடுக்கிறது, எல்லோரும் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டோம். ரிங்லெட் ஊரைத் தாண்டி வளைவு வளைவாக இறங்க இறங்க ஒருத்தர் பின் ஒருத்தராக வாந்தி. அடிவாரத்தில் தாப்பாவுக்கு வந்ததும் வெயில். பார்க் வாசலில் முப்பது சுவெட்டரும் என் மடியில். நான் எதிலும் ஏறமாட்டேன் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். கமிட்டிச் செயலாளர் மணியம் சொல்கிறான், "அக்காகிட்ட குடுங்கலா. அக்காதான் நம்ம லாக்கரு."

வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்களாம். குண்டானைத் திரும்பக் கொண்டு போகச் சொன்னார்கள். பசியே எடுக்காத நேரத்தில், பஸ் நிழலில் நின்றபடி, முப்பது பேரும் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம். சரசு சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டாள். "தீம் பார்க்குல மொத ரைடு இதான்போல அண்ணி."

வாசலில் கையில் காகித வளையம் ஒட்டுகிறார்கள். மலாய்ப் பெண், சின்னவள். என் வலது கையைப் பிடித்தாள். காப்பைக் காட்டி, இது சாமி, இடது கையில் ஒட்டு என்றேன். நல்ல பிள்ளை, காப்பில் விரல் படாமல் கையை மாற்றினாள்.

தண்ணீர்க் குளத்தில் சேலையோடு இறங்கக் கூடாது. நானும் சரசுவும் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டோம். அவள் கத்தினாள், "அண்ணி! வெந்நி போடாமயே சூடா இருக்குது!" மலையில் குழாயைத் திறந்தால் எலும்பு வரைக்கும் குளிருமே, அதனால். அலை அடித்து இரண்டு பேர் சேலையும் இடுப்பு வரை நனைந்தது. நான் அப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு. அந்த ஒரு மணி நேரம் சந்தோஷம். மறைப்பானேன்.

மத்தியானம் பசி. உள்ளே விற்பதெல்லாம் கோழி. உருளைக்கிழங்கு வறுவலாவது வாங்கலாம் என்று போய், இதே எண்ணெயில்தான் கோழியும் பொரிக்கிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் "சாமா லா, மக்சிக்" என்றாள். அதே எண்ணெய்தானாம். பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சரசு காப்புக் கட்டாதவள். அவளாவது சாப்பிட்டிருக்கலாம். எனக்காக அவளும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ராட்டின வரிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அவளுக்கு முட்டி வலி, கம்பியில் சாய்ந்து சாய்ந்து நின்றாள். வாய் மட்டும் ஓயவில்லை. "இத்தன வருஷம் மலமேல நின்னு கீழ பாத்தாச்சு அண்ணி. ஒருவாட்டி கீழேருந்து நம்ம மலயப் பாக்கணும். உச்சிக்குப் போனா தெரியும்ல?" பின்னால் நின்ற பட்டணத்துப் பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எங்களுக்கு முன்னால் ஆறே ஆறு பேர். அப்போது நான் சொன்னேன், "சரசு, வா போலாம். பஸ்ஸு நாலு மணிக்கு. மலையில ஜாம் ஆச்சுன்னா ராத்திரியாயிரும். கையில காப்பு இருக்குது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் காப்பைப் பார்த்தாள். "சரி அண்ணி" என்று வரிசைக் கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு.

பஸ் நாலு மணிக்குக் கிளம்பவில்லை. மணியத்தின் ஒரு கால் செருப்பு தண்ணீரில் போய்விட்டது. அதைத் தேட ஐந்தே கால்.

ஜூன் 9, திங்கள். மழை, விட்டு விட்டு. வாந்தி பட்டதென்று நான் துவைக்க வாங்கி வந்த சுவெட்டர்களில் பாதி காயவில்லை.

கோயில் கூட்டப் போனேன். பூசாரி சின்னையா விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். சும்மா கேட்பதுபோல் கேட்டேன், சாமி, காப்போடு வெளியே போனால் எத்தனை மணிக்குள் திரும்பணும்?

"மணி கணக்கெல்லாம் ஏதும்மா? வெளிய படுத்துத் தூங்கக் கூடாது, அவ்ளோதான். போன வருஷம் நானே காப்போட ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, ஊரடங்குனதுக்கப்பறம்தான் வந்து படுத்தேன். ஏன், என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதைக் கட்டும்போதே விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் டிவியிலிருந்து திரும்பாமலே சொன்னார், "நாப்பது வருஷமா நீதான் லைன்ல எல்லாருக்கும் காப்புச் சட்டம் சொல்ற ஆளு. ஒனக்கா தெரியாது?"

பருப்பு கழுவப் போனேன்.

மறக்காமல்: மணியத்தின் பெண்டாட்டி சுவெட்டர், பச்சை, பொத்தான் இல்லாதது, திருப்பித் தர வேண்டும்.

ஜூன் 11, புதன். வெயில், கொஞ்சம். கூழுக்குக் கேழ்வரகு ஊற வைத்தாயிற்று.

தாயே, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

தெரியும். எனக்குத் தெரியும். வெளியில் தூங்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். பஸ் ஏழு மணிக்குக் கிளம்பியிருந்தாலும் என் பாயில்தான் வந்து படுத்திருப்பேன்.

நடந்தது இதுதான். வரிசை நகர்ந்து ராட்டினத்துக்கு நேர் அடியில் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலி காலியாக ஆடிக்கொண்டு மேலே போகிறது. உச்சியில் நின்றது. யாருடைய தொப்பியோ அங்கிருந்து கழன்று சுற்றிச் சுற்றி விழுகிறது, விழுகிறது, தரைக்கு வரவே மாட்டேன் என்கிறது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பயமாயிருக்குது சரசு என்று சொல்லியிருந்தால் போதும். இந்த வாய் ஊரெல்லாம் பேசும், அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பின்னால் அந்தப் பட்டணத்துப் பெண்கள் வேறு நிற்கிறார்கள். கையைத் தூக்கிக் காப்பைக் காட்டிவிட்டேன்.

என் பயத்துக்கு உன்னைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். உன் பேர் வந்ததும் அவள் மறுத்துப் பேசவில்லை. பேசமாட்டாள் என்று தெரிந்துதான் இழுத்தேன். அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 13, வெள்ளி. பனி. பிரிஞ்சாங் சந்தையில் பூ வாங்கினேன், மல்லிகை வாடல்.

சரசு வீட்டில் சாமான் கட்ட உதவினேன். மூன்று அட்டைப்பெட்டி, இரண்டு சாக்கு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய ரப்பர் துணியை மடித்து வைக்கிறாள். ஜொகூரில் பத்தாவது மாடியில் இது எதற்கடி என்றேன். "மழ சாரல் அடிச்சா சன்னலுக்குக் கட்டுவேன்" என்கிறாள்.

அவள் கையில் இன்னும் பார்க் காகித வளையம். ஓரம் நைந்து, மஞ்சள் பட்டு. கோயிலில் பெண்கள் கேலி செய்கிறார்களாம், சரசக்காவுக்கு வேற சாமி காப்புக் கட்டிருக்குதுலா என்று.

"ஏன் இன்னும் வெட்டிப் போடல?" என்று கேட்டேன்.

"மனசு வரல அண்ணி. இது இருந்தா நாள் பூரா எது வேணா ஏறலாம்னு சொன்னாங்கல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். சரசு, அன்றைக்குக் காப்பு இல்லை காரணம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னது என்ன? "அந்தச் சட்டிய பேப்பர்ல சுத்து, ஒடஞ்சுரும்."

ஜூன் 15, ஞாயிறு. திருவிழா. காலையில் பளிச்சென்று வெயில், நீ கொடுத்தது.

கோலா தெர்லாவிலிருந்துகூட ஆட்கள். சரசு பால்குடம் எடுத்தாள். அந்த முட்டியோடு ஏற்றத்தில் ஏறினாள், நான் பக்கத்தில் வேப்பிலையோடு. கை நீட்டினேன், பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையும் குடத்தில் இருந்தது, அதனால்தான். அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கூழ் தித்திப்பு அதிகம். மணியம் மூன்று கிண்ணம்.

சாயங்காலம் பூசாரி பால் தெளித்துக் காப்பை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து காப்புக் கட்டுகிறேன். குனிந்துகொண்டே அவிழ்க்கக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மன்னிப்பு உன்னிடம் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். கேட்க வேண்டிய ஆள் நீ இல்லையே.

நாளை காலை எட்டு மணிக்கு வேன். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 16, திங்கள். தூறல்.

வேன் ஏழரைக்கே வந்துவிட்டது. மகன் அவசரப்பட்டான், ரிங்லெட்டில் காய்கறி லோரி கூட்டம் சேர்வதற்குள் இறங்க வேண்டுமாம்.

நான் பேசினேன். எவ்வளவு பேசினேன். எலுமிச்சம்பழம் பையில் மேலாக இருக்கிறது என்றேன். ஊறுகாய் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தேன். ஜொகூரில் கோயில் எந்தப் பக்கம், லிப்டு கெட்டுப்போனால் என்ன செய்வாய், மருமகளிடம் முட்டித் தைலத்தைக் காட்டி வை, வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்று. வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "அவள ஏற வுடுலா" என்றார்.

சரசு வேனில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். "அண்ணி, ஒன்னு சொல்லவா?"

"சொல்லுடி."

"அன்னிக்கு வரிசயில நின்னோம்ல. அது போதும் எனக்கு. மனசுல வெச்சுக்காதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன், கண்ணுக்குள் போய்விட்டது போல, கண்ணைக் கசக்கிக்கொண்டே போனாள். வேன் கிளம்பிவிட்டது. தேயிலைக்கு நடுவே மூன்று வளைவு வரை தெரிந்தது. பிறகு பனி.

போன் போட்டுச் சொல்லலாம். வேனில் எல்லோர் காதிலும் விழும். போய்ச் சேர்ந்த பிறகு போடலாம். போடுவேனா? இந்த வாயை நம்ப முடியாது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சோறு ஆக்கவில்லை, காலையில் குடித்த தேநீரோடுதான் ஓடுகிறது. உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எழுதும்போது இப்போதுதான் நினைவு வருகிறது தாயே. நான் கல்யாணமாகி வந்த வருஷம், மேல் தேயிலைக் காட்டுக்குப் போக ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பிப் பாலம் இருந்தது. ஆடும். என்னால் கீழே பார்க்க முடியாது. ஆனால் பின்னால் சரசு கண்ணை இறுக மூடிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்திருப்பாள், அதனால் நேராகப் பார்த்து நடந்துவிடுவேன். பாலத்தைக் கழற்றுகிற வரைக்கும் அவள் ஒரு நாள்கூட அதில் தனியாக நடந்ததில்லை. ராட்டினத்தில் உங்களோட ஏறணும் என்றுதானே கேட்டாள். உயரம் என்றால் என்னைவிட அவளுக்குத்தான் பயம்.