சம்பந்தியின் கோட்டில் காளைத் தலை

திபிலீசி,
ஞாயிறு காலை.

என் அருமை மருமகள் தெக்லாவுக்கு, உன் தாய்மாமன் ஜும்பெர் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அப்பா, தங்கை தம்தா, பால்கனியில் ஏறிய திராட்சைக்கொடி எல்லோரும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்திருக்கிறது. ஜெர்மனியில் நீயும் உன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கிழவர்களும் சௌக்கியம்தானே? இந்தக் கடிதத்தை உன் அம்மா எழுதியிருக்க வேண்டும், அவள் கை முழுக்க வால்நட் விழுது, உன் அப்பாவோ பேனாவைக் கண்டாலே கொட்டாவி விடுகிற ஆள், ஆகவே வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இப்போது நான் சொல்லப்போவதை இந்த பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அத்தனை பேட்ஜுகள் மேலும் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன்.

என் பெட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். உலர் பாலத்துப் பழைய சாமான் சந்தையில் வீரப் பதக்கங்களை வாங்குகிறவர்கள் வாங்கட்டும், எனக்கு வேண்டியது யாரும் சீண்டாத இலாகாக்களின் சின்னங்கள். வெட்டுக்கிளி ஒழிப்புப் படையின் தோள்பட்டை, ஆற்று மீன் காவலரின் பித்தளைப் பொத்தான், ராணுவப் புறாக்களுக்குத் தீனி போட்டவரின் கைப்பட்டி, இதெல்லாம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, இதற்காக மூன்று நாடுகள் என்மேல் போர் தொடுக்க யோசித்துக் கைவிட்டன. இவற்றுக்கெல்லாம் சக்கரவர்த்தி, சோவியத் காலத்து மாட்டு வைத்திய இலாகாவின் சிறப்பு பேட்ஜ். சிவப்பு எனாமல் நட்சத்திரம், நடுவில் பொன்னிறக் காளைத் தலை, சைஸ் ஒரு தேநீர்த் தட்டு. உலகத்தில் இது இரண்டே உண்டு, ஒன்று என்னிடம், இன்னொன்று தன்னிடம் இருக்கிறது என்கிறவன் பொய்யன். அந்தக் காலத்து பேட்ஜுகளுக்கு ஊசி கிடையாது, பின்னால் திருகாணி. கோட்டில் ஓட்டை போட்டு, திருகாணியை உள்ளே விட்டு, பின்பக்கம் மரையை முடுக்க வேண்டும். கோட்டு கெடாமல் கௌரவம் கிடையாது, அந்த அரசாங்கத்தின் கொள்கை அது.

போன ஞாயிறு நம் தம்தாவைப் பெண் கேட்டு அவள் காதலிக்கும் லாஷாவோடு அவன் அப்பா அன்சோர் வந்தார். முப்பது வருஷம் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தன் கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உன் அம்மா வாசலிலேயே என் காதைப் பிடித்து, டேய், இன்னிக்கு ஒரு நாள் வாயையும் கையையும் கட்டிக்கிட்டு உக்காரு, உன் தகரம் எதையும் வெளிய எடுக்காத என்றாள். எடுக்கவில்லையே, ஐந்தாவது கோப்பை வரை எடுக்கவில்லையே! ஆறாவது கோப்பையை மாப்பிள்ளை வீட்டாருக்காக நான் எழுந்து நின்று உயர்த்தியபோது, சொன்ன வாழ்த்தின் அழகில் நானே மயங்கி, இப்படிப்பட்ட மனிதருக்கு வெறும் வாழ்த்து போதாது, அரசு மரியாதை வேண்டும் என்று பையில் ஒளித்து வைத்திருந்த குத்தூசியால் அவர் கோட்டில் ஒரே குத்து, காளையை ஏற்றி மரையை முடுக்கிவிட்டேன். விருந்தே கைதட்டியது, அவர் தட்டவில்லை. கழட்டுய்யா என்றார். திருகினேன், மரை வழுக்கிக்கொண்டு சிக்கிவிட்டது. அதைவிடப் பெரிய சங்கதி, மரை கோட்டோடு உள்ளே இருந்த சட்டைத் துணியையும் சேர்த்துக் கவ்வியிருந்தது, மனிதரால் கோட்டைத் தனியாகக் கழற்ற முடியவில்லை. குறடு வைத்தால் எனாமல் தெறித்துவிடும், அதனால் கோட்டைக் கொஞ்சமாக வெட்டலாமா ஐயா என்று பணிவாகத்தான் கேட்டேன். அவ்வளவுதான். என் கல்யாணக் கோட்டுய்யா இது, ஓட்டை போட்டவனும் நீ, வெட்டணும்னு சொல்றவனும் நீ, நான் மாடாட்டம் பஸ்ஸுல போகணும், நல்ல சம்பந்தம்யா இது என்று தட்டில் கின்காலிக் கொழுக்கட்டை ஆவி பறக்கப் பறக்க எழுந்து போய்விட்டார். லாஷா தன் அப்பாவின் பின்னால் ஓடினான். தம்தா அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாமா, எனக்குக் கல்யாணம் ஆகலேன்னா கடைசி வரைக்கும் நீங்கதான் சோறு போடணும், நான் நிறைய சாப்பிடுவேன் என்றாள். உன் அம்மா குறட்டை என் கையில் திணித்து, நாளைக்குப் போய் அந்த மாட்டை உடைச்சு எடு, இல்லேன்னா உன் பெட்டி மொத்தமும் ஆத்துக்குப் போகும் என்றாள்.

மறுநாள் அவர் ஊர்ப்பக்கமான கஹேத்திக்கு மினி பஸ் ஏறினேன். சக்கரவர்த்தியைக் கொல்லப் போகிறவன் போல வழியெல்லாம் கண்ணீர், பஸ்ஸுக்குள் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அன்சோரின் ஊரில் இறங்கினால், தெக்லா, பஸ் நிறுத்தத்திலிருந்தே பசுக்களின் வரிசை! நூறா, இருநூறா, கடைசியில் போலீஸ் நிலையத்துக் கழுதையும் நிற்கிறது. முதல் நாள் பஸ்ஸில் அந்தக் காளைத் தலையைப் பார்த்தவர்கள் பெரிய மாட்டு டாக்டர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று பரப்பிவிட்டார்களாம். முற்றத்தில் அன்சோர் அதே கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ராத்திரி அதைச் சட்டையோடு சேர்த்துத் தலைவழியாகக் கழற்றி, காலையில் மறுபடி அப்படியே மாட்டிக்கொண்டாராம். அவருக்கு மாட்டில் வாலைத் தவிர வேறெதுவும் தெரியாது, ஆகவே தணிக்கை செய்தார். தீவனம் எவ்வளவு போட்ட, பால் எவ்வளவு வந்துச்சு, மிச்சம் எங்க என்று மாட்டுக்காரர்களைக் குடைந்தார். ஒவ்வொருவரும் வெளிறிப்போய் வீட்டுக்கு ஓடி மாட்டுக்கு வயிறார வைக்க, மாடெல்லாம் எழுந்து நடனமாடின.

நான் குறட்டை எடுத்து, உடைச்சிடறேன் ஐயா, எங்க பொண்ணு வாழ்க்கையவிட மாடு பெரிசில்ல என்றேன். அவர் காளைத் தலையைக் கையால் மூடிக்கொண்டு, கிட்ட வந்தா கைய ஒடிச்சிருவேன், முப்பது வருஷமா என்னப் பாத்தா இந்தத் தெருவே கதவச் சாத்தும், நேத்துலேர்ந்து கூப்பிட்டு சீஸ் குடுக்கறான்யா என்றார். பிறகு என் காதருகே குனிந்து, ஜும்பெர், இதுக்கு ஒரு தொப்பி இருந்திருக்கணுமே என்றார்.

அக்டோபரில், திராட்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம், இது கதையல்ல, செய்தி. உடனே லீவு சொல்லிவிடு. காலில் கம்பளிச் சாக்ஸ் போடு, வேலை முடிந்து வந்து வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுத் தூங்காதே, சூடாக ஏதாவது சமைத்துச் சாப்பிடு. புனித ஜார்ஜ் உன் வழித்துணையாக இருக்கட்டும், உன் கை பட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், நடனமாடினாலும் தப்பில்லை. அம்மா அப்பாவின் முத்தங்கள். ஒன்றே ஒன்று மறக்காதே, அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் சோவியத் காலத்துச் சாமான்கள் வருமாமே, மாட்டு வைத்திய இலாகாவின் தொப்பி ஒன்று தேடு. மாட்டு வரிசை பொய், கழுதை பொய், எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பசு ஒன்றுதான், அதுவும் என் கையிலிருந்த ரொட்டியை. ஆனால் ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியமான உண்மை. அவர் தொப்பி கேட்டார், கேட்கும்போது சிரித்தார். தலைச் சுற்றளவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

இப்படிக்கு,
கோட்டுகளில் ஓட்டை போடும் இலாகாவின் தலைமை அதிகாரி,
உன் மாமன் ஜும்பெர்.