இடப்பக்கம் திரும்பாத டோசர்

நாள் 203. காலை 07:10

நிலவின் தென்முனை, பனிச்சுரங்க நிலையம். பதிவு செய்வது குணவதி, இயந்திரப் பிரிவு. நான் சொல்லச் சொல்ல விண்ணுடுப்பு எழுதிக்கொள்ளும். எனக்குப் பின் மண் தள்ளும் இந்த டோசரில் உட்காரப்போகிறவருக்காக இந்தக் குறிப்பு.

செயின் இறுக்கம் சரி. பேட்டரி 91 சதவீதம். இடது லிவர் இழுக்கக் கனமாக இருக்கிறது. நாளை பார்க்க வேண்டும்.

புதியவருக்கு: இதில் ஸ்டீரிங் வீல் கிடையாது, சக்கரத்துக்குப் பதில் இரு பக்கமும் செயின் பட்டை. இரண்டு லிவர்தான். இடது லிவரை இழுத்தால் இடது ஸ்டீரிங் கிளட்ச் விடுபடும், இடது செயின் ஓடாது. வலது செயின் மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். வலது லிவர் அதற்கு நேர்மாறு. முப்பத்தோரு வருடப் பழைய வண்டி. இதைவிடக் கிழடுகளை நெய்வேலிச் சுரங்கத்தில் ஓட்டியிருக்கிறேன்.

இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். சூசைராஜ் துளையிடுகிறவன், தூத்துக்குடிக்காரன். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுரங்கத்துக்குச் சின்ன வண்டியில் போயிருக்கிறான். கிளம்பும்போது ரேடியோவில்: "அக்கா, ராத்திரிக்கு வெங்காயம் போட்டு எதாவது செய்யுங்க. தூள் வெங்காயமா இருந்தாலும் சரிதான்."

நாள் 203. பகல் 13:25

நில அதிர்ச்சி. பத்து வினாடிகூட இல்லை. சுரங்கத்துக்கு மேலிருந்த சரிவு இறங்கி வாசலை மூடிவிட்டது.

சூசை உயிரோடு இருக்கிறான். "காலுல கல்லு விழுந்துட்டுக்கா. எலும்பு போயிட்டுன்னு நெனைக்கேன். வண்டி நல்லாத்தான் இருக்கு. வெளிய போவத்தான் வழியில்ல."

சுரங்கத்துக்குள் காற்று எத்தனை மணி நேரத்துக்கு என்று கேட்டேன். முப்பத்தாறு என்றான். அடுத்த கப்பல் வர பதினோரு நாள். மண் தள்ள இருப்பது டோசர் ஒன்றுதான்.

நாள் 203. மாலை 16:50

இடது கிளட்ச் விடுபடவில்லை. லிவர் முழுதாக வருகிறது, செயின் நிற்கவில்லை.

செய்தவை: லிவரின் தளர்வை அளந்தேன், அதிகமில்லை. கம்பி இணைப்பைத் திருகி நீளம் சரிசெய்தேன். பலனில்லை. பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே வாயு அடைத்திருக்க வேண்டும். சீல் கசிந்து எல்லாம் போயிருக்கிறது. காற்றில்லாத இடத்தில் சுத்தமான எஃகுத் தட்டுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பற்றியிருக்கின்றன.

லிவரைப் பின்னால் இழுத்துக் கட்டி, மண் தள்ளும் பிளேடைப் பாறையில் முட்டி, முன்னும் பின்னுமாக நாற்பது தடவை உலுக்கினேன். சூடேற்றியும் பார்த்தேன். பிரியவில்லை. கழற்றி மாட்ட ஒரு ஆளுக்கு நான்கு நாள்.

ஒரு வழி உண்டு. முன்னால் போகும்போது வலது லிவரை இழுத்தால் வண்டியின் மூக்கு வலப்பக்கம் போகும். ரிவர்ஸில் அதே லிவரை இழுத்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலது கிளட்ச் ஒன்றை வைத்தே வேலை செய்யலாம். இரண்டு கிளட்சின் பாடும் அதன் தலையில் விழும்.

கிளம்புகிறேன்.

நாள் 204. காலை 08:30

வந்து சேர ஆறு மணி நேரமானது. இடப்பக்கம் வளைய வேண்டிய இடங்களிலெல்லாம் பின்னால் போய்ப் பின்னால் போய் மூக்கைத் திருப்பினேன். கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

வாசலுக்கு முன்னால் இருப்பது பன்னிரண்டு மீட்டர் அகலத் திட்டு. இடப்பக்கம் மலை. வலப்பக்கம் பள்ளம், வெயிலே பார்க்காத பள்ளம், முந்நூறு மீட்டர் ஆழம். மண்ணை அள்ளி வலப்பக்கம் தள்ளிப் பள்ளத்துக்குள் கொட்ட வேண்டும். வண்டிக்கு வலப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்திருப்பது இங்கே வசதிதான்.

சூசை விடாமல் பேசுகிறான். "அக்கா, நீங்க தள்ளுறது தரையில அதிருது. ஆள் இருக்குன்னு தெரியுது. அது போதும்."

"பேசிப் பேசிக் காத்தைத் தீக்காத தம்பி" என்றேன். ஐந்து நிமிடத்தில் நானே கூப்பிட்டேன்.

நாள் 204. பகல் 13:15

வலது கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. பாரம் ஏறும்போது வலது செயின் தயங்குகிறது. வெளியே காற்று இல்லாததால் தட்டின் சூடு இறங்க வழியில்லை. இருபது நிமிடம் தள்ளுகிறேன், நாற்பது நிமிடம் ஆறவிடுகிறேன். திருகில் கடைசி மரைவரை இறுக்கியாகிவிட்டது. இனி இறுக்க இடமில்லை.

வலது வழுக்கினால் இடது மட்டும் தள்ளும். மூக்கு தானாக வலப்பக்கம் போகும். பள்ளத்தின் பக்கம். இழுத்து நேராக்க எனக்கு இடது கிளட்ச் இல்லை.

இதை அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"நிறுத்துங்கக்கா. ரெண்டு பேரும் சாவுறதுக்கு ஒருத்தன் போனாப் போதும்."

"வாசல் மேல்பாகம் தெரியுது. இன்னும் மூணு மீட்டர். நீ உடுப்பைப் போட்டுட்டு வண்டியில ஏறி உக்காரு."

"சொன்னாக் கேக்கமாட்டியளா?"

வண்டியை எடுத்தேன்.

நாள் 204. மாலை 17:40

பள்ளத்துக்குள் இருந்து பேசுகிறேன்.

கடைசிக்கு முந்தைய தள்ளலில் வாசல் திறந்துவிட்டது. சுரங்கக் கதவில் பாதிக்கு மேல் தெரிந்தது. குவிந்த மண்ணை அப்படியே விட்டால் மறுபடி சரிந்து மூடும். இன்னும் ஒரு முறை. பாதியில் வலது கிளட்ச் முழுதாக விட்டது. இடது செயின் மட்டும் சுற்ற, மூக்கு பள்ளத்துக்குத் திரும்பியது. மோட்டாரை நிறுத்தினேன், பிரேக்கை மிதித்தேன். விளிம்பு மண் வண்டியோடு சேர்ந்து இறங்கியது. மெதுவாகத்தான் விழுந்தேன். இங்கே எல்லாமே மெதுவாகத்தான் விழும்.

கையும் காலும் சரியாக இருக்கின்றன. உடுப்பு கிழியவில்லை. காற்று இரண்டு மணி ஐம்பது நிமிடம். ரேடியோவில் அனுப்பும் பாகம் நசுங்கிவிட்டது. கேட்க மட்டும் முடிகிறது. ஏறிப் பார்த்தேன், நான்கு முறை. தூசு முழங்கால்வரை விழுங்கிக் கீழே கொண்டுவந்து விடுகிறது.

வண்டியை எடுக்க வருகிறவருக்கு: இரண்டு கிளட்சையும் மாற்றவும். இடப்பக்க சீலை முதலில். லிவர் கனத்ததை நான் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அன்றைக்கே திறந்திருக்க வேண்டும்.

நாள் 204. மாலை 18:05

சூசை வெளியே வந்துவிட்டான்! மேலே விளிம்பில் அவன் வண்டி விளக்கு தெரிகிறது. சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாக.

"அக்கா! ஒங்க லைட்டு தெரியுது! அணையாம எரியுது! ஆள் இருக்கீய, எனக்குத் தெரியும். கயிறு இருக்கு, எறங்கி வாறேன்."

கயிறு நூறு மீட்டர். சரிவு முந்நூறு. உடைந்த கால். இறங்குவான். ஏறமாட்டான்.

வராதே என்று கத்துகிறேன். என் தலைக்கவசத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். வேண்டாம் என்று சொல்ல. அவன் வேறுமாதிரி எடுத்துக்கொண்டான். "கூப்பிடுதீய, பாத்துட்டேன். வாறேங்க்கா." கயிற்றைப் பாறையில் கட்டுகிறான்.

18:20

டோசர் விளக்குகளை அணைத்துவிட்டேன். கவச விளக்கையும்.

18:24

"அக்கா? பேட்டரி போயிட்டா?"

"அக்கா, ஒரே ஒரு தடவ போடுங்க."

விரல் சுவிட்சின் மேலேயே இருக்கிறது. கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

18:50

அழுகிறான். பெரிய ஆள் அழுவதைக் காதுக்குள் கேட்டுக்கொண்டு இருப்பது. வேண்டாம். அவன் காற்றும் குறைகிறது. போடா. போ.

19:10

விளக்கு நகர்கிறது. விளிம்பை விட்டு. நிலையத்துப் பக்கம்.

"நான் போறேங்க்கா. ஒங்களுக்குக் கேக்கலன்னாலும் பேசிட்டே போறேன். காலு வலிக்கி. மேடு வருது. அதத் தாண்டுனா பள்ளத்துக்குள்ள ரேடியோ எட்டாது. நீங்க மட்டும் நேத்து வரலன்னா நான்"

தாண்டிவிட்டான்.

19:32

உடுப்பின் பேட்டரி தீரும் நேரம், குளிர் முதுகுவழியாக வருகிறது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

இப்போது விளக்கைப் போடலாம். பார்க்க யாருமில்லை. போட்டேன். தூசு. செயின் தடம். என் காலடி, மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்

இன்னும் ஒரு தடவை ஏறிப்