பத்தொன்பது ஒன்றுகள்

பள்ளி விடுதி, உதகை

அன்புள்ள அப்பாவுக்கு, சுகாசினி வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை எதுவும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம், குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

ஏனாத்தூரில் நடக்கும் கணிதப் போட்டிக்கு நான் வரவில்லை அப்பா. அந்தச் சாக்கில் இரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். நேற்று ஆள் தேர்ந்தெடுத்தார்கள். சார் பலகையில் வெறும் ஒன்றுகளாகவே நீளமாக ஓர் எண்ணை எழுதி, பதினொன்றால் வகுபடுமா என்று கேட்டார். ஒன்றுகள் இரட்டைப்படையில் இருந்தால் வகுபடும் என்று எனக்குத் தெரியும். தறியில் இழை எண்ணுவதுபோல இரண்டிரண்டாக எண்ணினேன். கடைசியில் ஒன்று தனியாக நின்றது. நம் வீட்டில் ஒற்றை இழை நின்றால் அதன் ஜோடி அறுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அதையும் ஜோடியாக்கி, "இருபது சார், மீதியில்லாம போவுது!" என்றேன்.

"ஏம்மா, இல்லாத ஒண்ண எங்கேருந்து புடிச்ச?" என்றார் சார். மொத்தம் பத்தொன்பதுதான். அந்த எண்ணை ஒன்றையும் அதையும் தவிர வேறு எதுவும் மீதியில்லாமல் வகுக்காதாம். என் அறைத்தோழி மெர்லின், "உங்க ஊர்ல ஒண்ணு வாங்குனா ஒண்ணு இனாமா?" என்றாள். நானும் சிரித்தேன். போட்டிக்கு அவள்தான் வருகிறாள்.

சனிக்கிழமை அவளைப் பார்த்து, போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். நான் வரவில்லை என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், போனில் என்னால் முடியாது. படிப்பறை விளக்கை அணைத்துவிட்டார்கள்.