கடை ஆயிலும் அண்ணியின் வாயும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் விளம்பரத்தில் வரும் பெரிய கம்பெனியின் எஞ்சின் ஆயில். மதியத்துக்கு மேல் சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயர் போட்ட ஆயில். எங்கள் ஆலையில் புட்டி மாறும், மூடி மாறும்; ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும் அதே ஆள். அடிப்படை எண்ணெய் ஒன்றுதான். சேர்மானத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, மறைப்பானேன்? ஆனால் புட்டியின் முதுகில் போட்டிருக்கும் தரத்தில் தேறாமல் ஒரு சொட்டு வெளியே போகாது. நான் விட மாட்டேன்.

அந்தக் கடைக்குச் செய்து கொடுப்பது நாங்கள்தான் என்று வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும். சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

என் வீட்டுக்காரரின் அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறார். டெலிவரிக்குப் பழைய வேன் ஒன்று வாங்கியிருக்கிறார். என்ன ஆயில் ஊற்றலாம் என்று போன்.

"சூப்பர்மார்க்கெட் ஆயிலே போதும் அண்ணி. வேன் புத்தகத்துல போட்டிருக்கிற ஆயில் எண்ணும் புட்டியில இருக்கிற எண்ணும் ஒண்ணா இருந்தா சரி."

"யாரு செய்றாங்கன்னே தெரியாத ஆயிலா? எனக்குன்னா மட்டும் மலிவா பாத்துச் சொல்லு!"

சிரித்து மழுப்பினேன். அண்ணிக்கு வீட்டில் ரேடியோ என்று பட்டப்பெயர். அவர் காதில் விழுந்தது ஊர் காதில் விழுந்த மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே அதையே வாங்கி, தானே ஊற்றியும்விட்டாராம். என் பேச்சைக் கேட்டுவிட்டார்! நம்பவே முடியவில்லை.

மார்ச் 12, புதன்

வேன் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். டெலிவரி நின்றுவிட்டது. "தம்பி பொண்டாட்டி பேச்சைக் கேட்டேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றார். என் வாய் சும்மா இருந்ததா?

"அந்த ஆயில் கெட்டதா இருக்கவே முடியாது அண்ணி! நானே டெஸ்ட் பண்ணி அனுப்பினது!"

சொல்லிட்டேன். ஐயோ, சொல்லியே தொலைச்சிட்டேன். அண்ணி "சரி" என்று போனை வைத்துவிட்டார். ஒரே சொல்லோடு அண்ணி பேச்சை முடித்து நான் கேட்டதே கிடையாது. போச்சு — வேலை போச்சு.

மார்ச் 13, வியாழன்

லீவு போட்டுவிட்டு அண்ணியின் சலவைக் கடைக்கு ஓடினேன். வேன் எஞ்சினின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. ஒரே நுரை.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"புத்தகத்துல சொன்னதுக்கு மேல ஒரு புட்டி. மலிவு ஆயில்தானே, சத்து கம்மியா இருக்கும்னு…"

தூள் மட்டமென்றால் டீயில் இன்னொரு கரண்டி போடுவோமே, அந்தக் கணக்கு! அளவு மிஞ்சினால் எஞ்சின் அதை அடித்து அடித்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் காப்பாற்றாது. பக்கத்து மெக்கானிக் கூடுதலை வடித்துவிட்டார். கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் சத்தம் அடங்கிவிட்டது.

"அண்ணி, நேத்து போன்ல சொன்னது…" என்று இழுத்தேன். துணி குவிந்து கிடக்கிறது என்று வேனில் ஏறிப் போயே போய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

மேலாளர் கூப்பிட்டார். ரேடியோ பாடிவிட்டது என்றே நினைத்துப் போனேன். ஆய்வுக்கூடத்தின் பழைய சாம்பிள் புட்டிகளை எப்போது ஒழித்துக்கட்டப் போகிறாய் என்று கேட்கத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரின் சித்தப்பா, டாக்சி ஓட்டுகிறவர், அண்ணியைப் பிடித்துக்கொண்டார். "வேன் நல்லா ஓடுதே, என்ன ஆயில்?"

"சூப்பர்மார்க்கெட் ஆயில்."

"அதையா? யாரு செய்றாங்க அதை?"

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. அண்ணி தண்ணீர் குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"யாரோ செய்றாங்க சித்தப்பா. புட்டி முதுகைப் படிச்சுட்டு வாங்குங்க. அளவா ஊத்துங்க."

பிறகு சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"தொண்டை வரைக்கும் வந்திருச்சும்மா. எங்க வீட்டுப் பொண்ணு செய்றதுன்னு சொல்ல எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதுபோல் நின்றேன். அண்ணி பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார்.