ஆள் வராத கடற்கரை

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு தோள்கவசம் முடிந்தது. ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹேர் டிரையரால் சூடாக்கி வளைத்து, பசை தடவி ஒட்டுவதற்கு மூன்று மணி நேரம். அம்மா கதவைத் தட்டினாள்.

"ஏட்டி, ரூமுக்குள்ள என்ன நாத்தம்?"

ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு என்றேன்.

"லீவுல என்னட்டி எக்ஸிபிஷன்?"

ஜூனில் என்று சமாளித்தேன். ஒரு டீச்சர், அதுவும் சுசீந்திரத்துக்காரி, வீடியோ கேமில் வரும் கடல்ராணி மாதிரி வேஷம் போட்டுக் கடற்கரையில் போட்டோ எடுக்கப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மே 11. தோழி ஜாஸ்மி எடுப்பாள்.

ஏப்ரல் 30

அப்பாவுக்குத் தெரிந்தால்?

காலேஜ் விழாவில் நான் ஆடிய வீடியோவைச் சித்தப்பா காட்டியபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் ஒன்றுமே சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்தார். அதற்கு இரண்டு அடி போட்டிருக்கலாம்.

மே 3

இடம் கிடைத்தது. சங்குத்துறை பீச் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதி அங்கேதான். கன்னியாகுமரியும் வேண்டாம், அங்கே மாமா கடை. முட்டம் தாண்டி ஒரு கரை, பாறையும் மணலும் மட்டும். "ஒரு குஞ்சுகூட வராது மக்கா" என்றாள் ஜாஸ்மி. அவள் திருவட்டாறில் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த தண்ணீர் குளமும் வாய்க்காலும்தான்.

ஆள் வராத இடம். அதுதான் வேண்டும்.

மே 9

பயம். இன்னும் இரண்டு நாள்.

மே 10

ஃபோனில் கள்ளக்கடல் எச்சரிக்கை: கடல் திடீரென்று பொங்கிக் கரையேறலாமாம். ஜாஸ்மியிடம் கேட்டேன். "அது வள்ளத்துல போறவங்களுக்காக்கும். காத்தும் இல்ல, மழையும் இல்ல. நீ பேடிக்காத."

என் பயம் கடலைப் பற்றி இல்லை. அவ்வளவு பெரிய பையை அப்பா கண்ணில் படாமல் ஸ்கூட்டியில் எப்படி ஏற்றுவது?

மே 13

இன்றைக்குத்தான் எழுதக் கை வருகிறது.

ஞாயிறன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பாறையில் உட்கார்ந்து, ஈட்டியை நிமிர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் திருப்பி— அந்த ஐந்து நிமிஷம் எனக்கு யார் பயமும் இல்லை. தூரத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா கையை ஆட்டி ஏதோ கத்தினார். ஐயோ, யாரோ பார்த்துவிட்டார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எறங்குங்க பிள்ளைகளே, கள்ளக்கடலு" என்றுதான் கத்தியிருக்கிறார்.

காற்றே இல்லாமல் தண்ணீர் ஏறியது. அலையாக வரவில்லை, மொத்தமாக ஏறியது. பிறகு வாயெல்லாம் உப்பு, மணல், எது மேலே எது கீழே— அப்பா அப்பா என்றுதான் கத்தினேன். ஃபோம் கவசம் என்னை முங்க விடவில்லை. அந்த அக்கா, விக்டோரியாக்கா, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி கவசத்தின் வாரைப் பிடித்து இழுத்துப் போட்டார். கரையில் நின்ற ஜாஸ்மிக்குக் கேமரா போனதோடு சரி.

அக்கா வீட்டு நம்பர் கேட்டார். சொல்லமாட்டேன் என்று அழுதேன்.

"செத்திருந்தா நான் யாருகிட்டட்டி சொல்லியிருப்பேன்?"

சொன்னேன்.

அப்பா வந்தபோது நீல முடியும் ஒற்றைத் தோள்கவசமுமாக மணலில் உட்கார்ந்திருந்தேன். அவர் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து என் தலையைத் துவட்டினார். அது பின் குத்தி மாட்டிய பொய்முடி. அதுகூடத் தெரியாமல் வெகுநேரம் துவட்டிக்கொண்டே இருந்தார்.

மே 14

மூன்றாவது நாள். அப்பாவிடமிருந்து பேச்சில்லை.

மே 18, ஞாயிறு

அன்றிலிருந்து நான் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நின்றால் பாத்ரூம் கதவில் ஒரு தட்டு. இத்தனை நாள் அம்மா என்று நினைத்திருந்தேன்.

இன்று தலைக்குச் சோப்புப் போட நேரமாயிற்று. தட்டு. கண்ணில் நுரை, பதில் சொல்லவில்லை. இன்னொரு தட்டு, பலமாக.

"மக்கா."

அப்பா. அது அவர் குரல் மாதிரியே இல்லை. இந்த மனிதருக்கா நான் இவ்வளவு பயந்தேன்?

"இருக்கேன்ப்பா."

கதவுக்கு வெளியே செருப்பு நகரவில்லை. வாளியில் தண்ணீரை மொண்டு, அவருக்குக் கேட்கும்படி ஊற்றினேன்.