மாமா கொடுத்த மலை வீட்டுக்கு ஒரு தேதி இருந்தது

என் பாசத்துக்கும் அதே அளவு எரிச்சலுக்கும் உரிய மாமா,

நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. உயிரோடு இருந்தபோதே நாம் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. "சாப்டீங்களா மாப்ள" என்பீர்கள், "ஆச்சு மாமா" என்பேன், அத்தோடு சரி. இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். என் மகள், உங்கள் பேத்தி ரம்யாவுக்குப் போன மாதம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அது முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

விஷயம் வேறொன்றுமில்லை, அந்தக் கொடைக்கானல் காகிதம்தான்.

உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அப்போது ரெட்டியார்பாளையத்தில் நீங்கள் மருந்துக்கடை வைத்திருந்தீர்கள். பெட்ரோல் பங்கில் எவனோ நீட்டிய கூப்பனில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிப் போட்டீர்கள். பரிசு விழுந்திருக்கிறது, நேரில் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பீச் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் ஏசி அறை, டை கட்டிய ஆட்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் நாலைந்து பேர், அவர்களுக்கு நடுவில் நீங்கள். மூன்று மணி நேரம் பேசினார்களாம். வெளியே வரும்போது உங்கள் கையில் ஒரு ஹாட்பாக்ஸும், கொடைக்கானலில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கலாம் என்கிற காகிதமும் இருந்தன. அவர்கள் அதற்கு வைத்த பெயர் டைம்ஷேர். நீங்கள் வைத்த பெயர் மலை வீடு.

அந்த வருஷமே எனக்கும் உங்கள் மகள் வாணிக்கும் கல்யாணம். காகிதத்தை என் பெயருக்கு மாற்றி, லேமினேஷன் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, சீர்வரிசைத் தட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒன்று நடந்திருக்குமா? உங்கள் தம்பி மைக்கைப் பிடித்து, "மாப்பிள்ளைக்குக் கொடைக்கானல்ல சொந்தமா ஒரு வீடு" என்று மண்டபமே கேட்கும்படி அறிவித்தார். உப்பளத்தில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே குழாய் என்று வளர்ந்தவன் நான். பொய் சொல்வானேன், அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு நீங்களும் நானும் வாணியும் முதல் தடவை அங்கே போனோம். நல்ல நேரம் பார்த்து வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனோம். கதவில் மாவிலை கட்டினீர்கள். ஊரிலிருந்தே கொண்டுவந்த மண்ணெண்ணெய் அடுப்பில் பால் காய்ச்சிக் கற்பூரம் ஏற்றினீர்கள். புகை போய் மேலே இருந்த மணி அலறியது. மேனேஜர் ஓடிவந்தபோது நீங்கள் முருகன் படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"சார், இது உங்க ரூம் இல்ல சார். இந்த வாரத்துக்கு உங்களுக்குக் குடுத்துருக்கற ரூம்" என்று அவர் கெஞ்சினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போப்பா" என்று அடுத்த ஆணியை எடுத்தீர்கள்.

மறு வருஷம் வேறு கட்டடத்தில் வேறு அறை கொடுத்தார்கள். "என் வூட்ல எவன் குடியிருக்கறான், அதச் சொல்லு மொதல்ல" என்று வரவேற்பு மேஜையில் நீங்கள் போட்ட சண்டையை நான் எங்கே போய் மறப்பது? அதற்குப் பிறகு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வருவதையே நிறுத்திவிட்டீர்கள். ஊரில் மட்டும் மலை வீடு மலை வீடாகவே இருந்தது.

முதல் தடவை போனபோதே, மேஜை டிராயரில் இருந்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன் மாமா. இருபத்தைந்து ஆண்டுகள் முடிந்ததும் இந்த உரிமை தானாகவே முடிவுக்கு வரும் என்று அதில் அச்சடித்திருந்தது. நிலமும் கிடையாது, சுவரும் கிடையாது, வருஷத்தில் ஏழு நாள் தங்கிக்கொள்ள அனுமதி, அதற்கும் ஒரு கடைசித் தேதி. அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் பால் டம்ளரை நீட்டி "குடிங்க மாப்ள, நம்ம வூட்டுப் பாலு" என்றீர்கள். நான் குடித்தேன்.

எனக்கு ஆறவே ஆறாத எரிச்சல் எது தெரியுமா? நீங்கள் மருந்துக்கடைக்காரர். மாதம் பிறந்தால் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பித் தேதி பார்த்து, நெருங்கிவிட்டதை எடுத்து ஏஜென்சிக்கே திருப்பி அனுப்புவீர்கள். "மூணு மாசத்துல முடியப் போற மருந்த எவன் வாங்குவான், எடுத்துட்டுப் போய்யா" என்று கம்பெனிக்காரரை நீங்கள் விரட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கிற மருந்து அதே மருந்துதான். தேதி நெருங்க நெருங்க அதன் மதிப்பு போய்விடும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அப்புறம் எப்படி மாமா, இந்த ஒரு காகிதத்தை மட்டும் திருப்பிப் பார்க்காமல் விட்டீர்கள்?

பாதிக் காலம் ஓடியிருந்தபோது விற்றுவிடலாம் என்று பார்த்தேன். மாடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று நானும் வாணியும் நினைத்திருந்தோம். கடலூர் ரோட்டில் ஒரு புரோக்கர் ஆளைக்கூடக் கொண்டுவந்தார். இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் பாக்கி இருந்ததால் அந்த ஆளும் ஆசையாகத்தான் கேட்டார். எப்படியோ உங்கள் காதுக்குப் போய்விட்டது. சாப்பிடாமல் கடையில் உட்கார்ந்திருந்தீர்கள். "சீரு குடுத்தத விப்பாங்களா மாப்ள?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். பேச்சு அங்கேயே முடிந்தது. வாணி ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

நிலமாக இருந்தால் சும்மா போட்டு வைத்தாலும் ஏறியிருக்கும். இது வாங்கிய அன்றிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பராமரிப்புச் சந்தா மட்டும் ஒரு வருஷமும் இறங்கியதில்லை.

கடைசியாக நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது பேத்திக்குத்தான், பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டீர்கள். "இருக்கு மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஒரு வார்த்தை நான்கு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

ரம்யாவுக்குத் தவளக்குப்பம் பக்கத்தில் இடம் அமைந்தது. விவசாயக் குடும்பம், பையன் டவுனில் வேலை பார்க்கிறான், நல்ல பிள்ளை. நிச்சயம் பேச வந்தபோது, நாங்கள் யாரும் கேட்காமலே, நீங்கள் போன பிறகு எங்களோடு இருக்கிற அத்தை பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, புதிதாக மஞ்சள் குங்குமம் வைத்து, தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். "இது அவுங்க தாத்தா பேத்திக்குன்னு சொல்லிட்டுப் போனது" என்றார். நம்ம வீட்டில் சீர் தட்டுக்கு வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே எடுத்துப் போகக் கூடாதே!

அதற்கு முந்தின வாரம்தான் அதே புரோக்கரிடம் கேட்டிருந்தேன். அவர் எந்த ஊர், எத்தனை அறை என்று எதையும் கேட்கவில்லை.

"எத்தினி வருஷம் பாக்கி?" என்றார்.

"இந்த வருஷத்தோட முடியுது."

"சும்மா குடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான் சார். சந்தா கட்டணுமேன்னு பயந்துக்குவான்."

கம்பெனியிலும் கேட்டேன். இன்றைய விலைக்குப் புதிதாக இன்னொரு இருபத்தைந்து வருஷம் வாங்கிக்கொள்ளலாம் என்று போனை எடுத்த பெண் தேனாகப் பேசினாள்.

அத்தை தட்டில் வைத்த காகிதத்தைச் சம்பந்தி கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். நிலம் வைத்திருக்கிறவர் இல்லையா, நேராகக் கேட்டார். "சர்வே நம்பர் எங்க போட்ருக்குது? பட்டா யார் பேர்ல?"

வாணி என்னைப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்த்தார். சொன்னால் இந்தச் சம்பந்தம் என்ன ஆகுமோ, சொல்லாமல் விட்டால் நாளைக்கு அந்த வீட்டில் ரம்யா எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாளோ? ஒருநாள் குட்டு வெளிப்பட்டால் பேச்சு வாங்கப்போவது அவள்தானே.

"அது வீடு இல்லீங்க சம்பந்தி" என்றேன். "வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கிக்கலாம், அவ்ளோதான். அதுவும் இந்த வருஷத்தோட முடிஞ்சிடுது. மாமா இத வீடுன்னு நெனச்சாரு. எனக்குத் தெரியும், நான்தான் யாருகிட்டயும் சொல்லல."

வாணி எழுந்து உள்ளே போய்விட்டாள். சம்பந்தி காகிதத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேளுங்கள் மாமா. "நீங்க சொன்னது சரிதான். ஆனா இங்க நாலு பேர் பேசிக்கிட்டதக் கேட்டு, நான் முன்னாடியே ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, மருமவளுக்கு மலைல வீடு வருதுன்னு. தயவு பண்ணி கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க வெளில சொல்லிக்காதீங்க."

எங்கே போய் முட்டிக்கொள்வது? உங்கள் வியாதி தவளக்குப்பம் வரைக்கும் பரவியிருக்கிறது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் நான் காப்பாற்றினேன். கல்யாணத்தன்று அந்தக் காகிதம் மறுபடியும் தட்டில் இருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றியும் இல்லை. அன்றைக்கு அவர்கள் கிளம்பிப் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். வாணி காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் என் எதிரில் உட்காராத அத்தை அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள, அப்போ இந்த வருஷத்து வாரம் இன்னும் இருக்குதா?"

"இருக்கு அத்தை. அதுதான் கடைசி."

"அத நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இருபத்தைந்து வருஷத்தில் அத்தை ஒரு தடவைகூட அந்த மலை ஏறவில்லை. நீங்கள் வந்த இரண்டு தடவையும் கடையைத் திறக்க ஆள் வேண்டும் என்று அவரை விட்டுவிட்டுத்தான் நாம் போனோம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் நின்ற பிறகு, உங்களுக்குச் சோறு பொங்க அவரும் நின்றார். நீங்கள் போன பிறகு நாங்களும் கூப்பிடவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீயும் வரியான்னு ஒருத்தரும் கேக்கல. நானா எப்படிக் கேக்கறது?" என்றார். கோபம்கூட இல்லை.

ஏன் மாமா நீங்கள் கேட்கவில்லை? ஊரெல்லாம் அந்த வீட்டைப் பற்றிப் பேசினீர்களே, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? சரி, உங்களை மட்டும் சொல்லி என்ன செய்வது. அத்தனை வருஷமும் வண்டி பிடித்தவன் நான்.

விற்க ஆளில்லை, மாற்ற வழியில்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். அந்த ஏழு நாளைத்தான் அத்தை இப்போது காலண்டரில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில்தான் அறை இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். "பேயட்டுமே, உள்ள உக்காந்து பாத்துக்கினு இருக்கலாம்" என்கிறார். நேற்று ஸ்வெட்டர் வாங்கி வந்தார், வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நடந்து பார்த்தார். வாணி இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். ஏழு நாளில் ஒரு நாள் குறையாமல் அத்தையை அங்கே வைத்திருந்து கூட்டி வருவேன். காலைச் சாப்பாட்டு மேஜைக்குப் புதுத் திட்டத்தை விற்கக் கம்பெனி ஆள் எவன் வந்து உட்கார்ந்தாலும் எழுப்பி அனுப்புவேன். இருபத்துநான்கு வாரத்தைத் தப்பான ஆட்கள் அனுபவித்துவிட்டோம் மாமா. கடைசி ஒன்றையாவது உரியவரிடம் சேர்த்துவிடுகிறேன், இது சத்தியம்.

உங்கள் மகளைக் கட்டிய,
உங்கள் மனைவியைக் கொஞ்சம் தாமதமாகப் பார்த்த
மாப்பிள்ளை செல்வம்