கியூபெக்குக்காக ஒரு ஜெபம்

ஆம்பூர்,
29.10.1995

அன்புள்ள பொன்மலருக்கு,

கனடாவிலிருந்து கியூபெக் பிரிவதா வேண்டாமா என்று நாளை ஓட்டு. குடியுரிமை வாங்கியபின் நீ அங்கே போடும் முதல் ஓட்டு. இது உன் கைக்கு வருவதற்குள் முடிவே தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் வார்டு நர்சுகள் இதற்காகத் தனித்தனி மேசையில் சாப்பிடுகிறார்கள் என்று போனில் சொன்னாய். நான் சொல்லப்போய், இங்கே தோல் பதனிடும் டேனரியிலும் அதே பேச்சுதான். "சேர்ந்திருந்து தினம் பேஜார் பண்றதுக்கு, பிரிஞ்சு போய்ட்டா இன்னா சார்?" என்றான் டிரம் ஆபரேட்டர் கனகராஜ். அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

நீயும் பிரிவதற்குத்தான் போடுவாயாம். "இத்தன வருஷம் வாயத் திறக்காதவங்க, இப்ப வந்து போகாதேன்னா எப்படி?" என்று கேட்டாய். நாட்டைத்தான் சொன்னாய் என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று நம் வீட்டில் ஜெபக்கூட்டம். போதகர் விண்ணப்பம் கேட்டபோது, "கியூபெக் பிரியக் கூடாதுன்னு ஜெபிங்கய்யா" என்றேன். எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்கள். உன் அம்மா மட்டும் மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பெண் அக்சா இப்போது உன் புடவைகளைக் கட்டுகிறாள்.

எப்படி ஓட்டுப் போட்டாய் என்று எழுத வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா, அதை மட்டும் எழுது.

வா.

இன்றும் உன்,
அக்சாப்பா